நழுவுகிறதற்கு ஒரு பாஷை

எங்கள் வீட்டில் மூன்று பாஷை புழங்குகிறது. சாப்பிடவும் சண்டை பிடிக்கவும் தமிழ். அரசாங்கக் கந்தோர், டொக்டர், வீட்டுக்காரன், குப்பை வண்டி, இதுகளுக்கெல்லாம் இந்த நாட்டுப் பாஷையான டொச். ஒரு காரியத்தில் இருந்து நழுவ வேண்டுமென்றால் ஆங்கிலம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். டொச்சில் கையெழுத்து வைப்பேன், டிராம் பலகை வாசிப்பேன். ஆங்கிலம் வாசிக்கவும் தெரியாது, எழுதவும் தெரியாது. ஆனால் ஒரு மனிதன் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு என்ன செய்கிறான் என்று பார்க்கத் தெரியும். பத்துத் தரம் பார்த்தால் அந்தச் சொல் விளங்கிவிடும்.

'மேனேஜ் பண்ணுவம்' என்றால் ஒருவரும் செய்யப் போவதில்லை. 'ஹேண்டில் பண்ணலாம்' என்றால் அது என் தலையில் விழப் போகிறது. 'அவாய்ட் பண்ணுங்கோ' என்றால் யாருக்கோ முகம் கொடுக்கப் பயம். 'ஸ்கிப்' கொஞ்சம் துணிந்த சொல். செய்யவில்லை என்று ஒத்துக்கொள்கிறது, வெட்கம் மட்டும் இல்லை.

இந்தக் கட்டிடத்தில் கிழமைக்கு ஒரு வீடு என்று முறை வைத்துப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். முறை வந்தால் அதை எழுதின ஒரு மட்டை கதவுப் பிடியில் தொங்கும். மகன் வேலையால் வந்து மட்டையைப் பார்ப்பான். "அம்மா, இந்தக் கிழமை ஸ்கிப் பண்ணுவம்" என்பான். பிறகு நான் வாளியோடு இறங்குவேன். கீழ் வீட்டு டொச்சுக் கிழவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று, நான் விட்ட மூலையை விரலால் காட்டி, அழுக்கு, திரும்பத் துடை என்பாள். அவளை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அவள் வாயில் இல்லை என்றால் இல்லைதான். முப்பது வருஷத்தில் கந்தோர்களில் எத்தனையோ பேர் என் முகத்தைப் பார்த்து ஏலாது என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னதைச் சொன்ன இடத்திலேயே விட்டுவிட்டு நானும் எழும்பி வந்திருக்கிறேன். என் பிள்ளை ஒரு நாளும் எனக்கு ஏலாது என்று சொன்னதில்லை. அந்தப் பெருமையை நான் என்ன செய்ய?

மருமகள் கோயம்புத்தூர்ப் பக்கம். கார்ல்ஸ்ரூஹேக்குப் படிக்க வந்து, கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்து, அதே இடத்தில் வேலை செய்த என் மகனைக் கட்டினவள். அவளுடைய தமிழ் அவனுக்குச் சினிமா மாதிரி, அவனுடைய தமிழ் அவளுக்குப் பகிடி. ஆகவே இரண்டு பேரும் தங்களுக்குள் ஆங்கிலம். அவள் என்னை அத்தை என்பாள். எங்கள் பக்கத்தில் மாமி என்று கூப்பிடுவது என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்தேன். "ஓகே அத்தை" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

இந்த இரண்டு பேரும் போன வருஷம் ஒரு வீடு வாங்கினார்கள். டிராம் போய் முடிகிற இடத்துக்கும் அங்காலே ஒரு கிராமம். ஐயர் நாள் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை புது வீட்டில் குடிபூரல் என்று குறித்துக் கொடுத்தார். ஹனோவரில் இருந்தும் பாரிஸில் இருந்தும் சனம் வரும். பின் வளவில் கூடாரம், சாப்பாட்டுக்கு ஆள், படம் பிடிக்க ஆள். புது அடுப்பில் முதல் பால் நான் காய்ச்ச வேண்டும், தாய் காய்ச்சினால்தான் வீடு விளங்கும் என்று ஐயர் சொல்லிவிட்டார். அந்த அடுப்பையும் சொல்ல வேண்டும். நெருப்பே இல்லாத அடுப்பு, கறுப்புக் கண்ணாடி. ஒத்திகை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். பால் பொங்கி வழிந்து கண்ணாடியில் பட்டதும் அது கீச்சென்று கத்திவிட்டுத் தானாக அணைந்துபோனது. பால் பொங்குவதைப் பிழை என்று நினைக்கிற அடுப்பு. அதன் விலையை மகன் எல்லாருக்கும் சொல்லுவான்.

எனக்கு ஊரில் ஒரே ஒரு தம்பி. என் மனிசன் செத்துப் போய், ஆமிச் சண்டைக்குள்ளே நான் பிள்ளையோடு நின்ற காலத்தில், மகனைச் சைக்கிள் பாரிலும் என்னைப் பின்னாலும் இருத்திக் கிளாலிக் கரை மட்டும் உழக்கிக்கொண்டு வந்து, எங்களை வள்ளத்தில் ஏற்றிவிட்டவன் அவன். தான் வரவில்லை. அவனும் நானும் ஒவ்வொரு நாளும் ஃபோனில் கதைப்போம். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே மழையோ, இங்கே குளிரோ, என்ன கறி, அவ்வளவுதான்.

குடிபூரல் கிழமை, செவ்வாய்க்கிழமை, வெறும் போத்தல்களைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் யன்னல் திட்டில் வைத்த என் ஃபோனைக் காணவில்லை. மகன் வீட்டில் நின்றான். அந்த நேரத்தில் அவன் வீட்டில் நிற்கிற ஆள் இல்லை.

"ஃபோனுக்கு அப்டேட் போட்டிருக்கிறன் அம்மா."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்சம் டைம் எடுக்கும். ஏதோ இஷ்யூ."

மருமகள் தோடம்பழச் சாறு பிழிந்து கொண்டுவந்து தந்தாள். எனக்குச் சாறு பிழிந்து தருகிற மருமகளை அன்றுதான் கண்டேன். "ரெஸ்ட் எடுங்க அத்தை, சண்டே உங்களுக்கு நிறைய வேலை இருக்கு" என்றாள். பிறகு இரண்டு பேரும் தங்கள் அறைக்குள் போய்க் கதவைப் பாதி சாத்திக்கொண்டு ஆங்கிலத்தில் கதைத்தார்கள். அவாய்ட் கேட்டது. ஹேண்டில் கேட்டது. ஆஃப்டர் சண்டே என்று பல தரம் கேட்டது. நான் குடிபூரல் சாப்பாட்டில் ஏதோ சண்டை என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலமை விஷயம் வெளித்தது.

எங்கள் சாமித்தட்டு குசினிக்குள், யன்னலுக்குப் பக்கத்தில், அலுமாரிக்கு மேலே இருக்கிறது. முதலில் கூடத்தில்தான் வைத்திருந்தோம். கற்பூரம் கொளுத்தினால் கூரையில் இருக்கிற புகைக் கருவி கத்தும், கீழ் வீட்டுக் கிழவி ஓடி வருவாள். அதனால் அங்கே ஏற்றினார்கள். எனக்குக் கை எட்டாது. மகன்தான் ஒவ்வொரு காலமையும் முழுகிவிட்டு வந்து விளக்குக் கொளுத்திப் போட்டு வேலைக்குப் போவான். காய்ச்சல் என்றாலும் கொளுத்துவான். அது ஒன்றுக்காக அவனை நான் எத்தனையோ விஷயத்தில் மன்னித்து வைத்திருந்தேன்.

அன்றைக்கு முழுகிவிட்டு வந்தான். நான் மேசையில் தேத்தண்ணியோடு இருந்தேன். சாமித்தட்டுக்கு முன்னால் வந்து நின்றான். அதன் திரை இழுத்து மூடியிருந்தது. ஒரு கை கொஞ்சம் மேலே போனது, பிறகு அதைக் கீழே விட்டுப் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டான்.

"ஏன் மேனை விளக்குக் கொளுத்தேல்லை?"

"டைட் ஷெட்யூல் அம்மா. ஸ்கிப்."

போய்விட்டான். நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

எங்கள் சனத்தில் ஒரு சாவு விழுந்தால் உரித்துக்காரருக்குத் துடக்கு. முப்பத்தொன்றாம் நாள் கழியும் மட்டும் வீட்டில் விளக்குக் கொளுத்துவது இல்லை, கோயில் இல்லை, நல்ல காரியம் ஒன்றும் இல்லை. குடிபூரலுக்கு இடமே இல்லை. இது அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மறைத்திருக்கிறான். என்னை ஏய்க்கலாம், ஐயரை ஏய்க்கலாம், பாரிஸில் இருந்து வருகிற சனத்துக்கெல்லாம் துடக்கு வீட்டில் சோறு போட்டு அனுப்பலாம் என்று துணிந்தவன், ஒரு சாண் பித்தளை விளக்குக்கு முன்னால் போனதும் நடுங்கிவிட்டான். துணிவாவது முழுதாக இருந்திருக்க வேண்டும். அல்லது பயமாவது முழுதாக இருந்திருக்க வேண்டும்.

யார் செத்தது என்று பெரிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மருமகளின் ஆள் என்றால் அவள் அழுதிருப்பாள். வேறு யாராவது என்றால் எனக்கும் சொல்லியிருப்பார்கள். என்னிடம் மட்டும் மறைக்கிறார்கள், என் ஃபோனை எடுத்து ஒளித்திருக்கிறார்கள். எனக்கு ஊரில் வேறு ஆர் இருக்கிறார்கள்?

தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பிறகு அந்தப் பகல் முழுக்க எனக்கு ஒரே ஒரு யோசனைதான். வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வர வேண்டுமென்று இப்போது ஊரில் உடலை நாலைந்து நாள் வைத்திருக்கிறார்கள். அவனை எடுத்துவிட்டார்களோ, இன்னும் வைத்திருக்கிறார்களோ? எடுக்க முதல் அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும். பால் யார் காய்ச்சினாலும் காய்ச்சட்டும்.

பின்னேரம் மகன் வந்தான். புட்டும் கத்தரிக்காயும் போட்டுக் கொடுத்தேன். மருமகளும் இருந்தாள். அவன் இரண்டு வாய் சாப்பிடும் மட்டும் பொறுத்தேன்.

"தம்பியை எப்ப எடுக்கினம்?"

அவனுடைய கை புட்டுக்குள் நின்றது.

"ஆர் அம்மா உங்களுக்குச் சொன்னது?"

"நீ சொல்லேல்லை. அது நிச்சயம்."

அவன் மருமகளைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினான். நான் மேசையில் கையால் அடித்தேன்.

"தமிழிலை சொல்லு. எனக்குச் சொல்லு. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"அம்மா, சிற்றுவேஷன் என்னெண்டால்..."

"சிற்றுவேஷனை நீ வைச்சிரு. தம்பி இருக்கிறானோ, இல்லையோ?"

இரண்டு பட்டம் படித்தவன், கண்ணாடி அடுப்பு வாங்கினவன். மாமா செத்துப்போனார் என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. புட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தான். புட்டு என்ன சொல்லும்?

மருமகள்தான் சொன்னாள். "மாமா இறந்துட்டாங்க அத்தை. திங்கக்கிழமை, தூக்கத்துலயே போயிட்டாங்க. நாளைக்குக் காலைல எடுக்கிறாங்க. லைவ் போடுறாங்களாம்."

நேராகச் சொன்னாள். அவளைப் பற்றி நல்லதாக ஒன்று நினைக்கப் போனேன். அதற்குள்ளே, "நான் அப்பவே உங்ககிட்ட சொல்லிடலாம்னுதான் சொன்னேன்" என்று சேர்த்துக்கொண்டாள். பழியில் இருந்து தான் மட்டும் நழுவிப் போகிறாளாம். புருஷனை மேசையில் விட்டுவிட்டு.

மகனுக்கு இப்போது வாய் வந்தது. "அம்மா, கேட்டால்தானே துடக்கு. அது சாத்திரத்திலையே இருக்குது. உங்களுக்குத் தெரியாட்டி உங்களுக்குத் துடக்கில்லை. நீங்கள் பால் காய்ச்சலாம். உங்களுக்காகத்தான் நாங்கள்..."

"உனக்கு?"

"என்ன எனக்கு?"

"நீ கேட்டிட்டாய் எல்லோ. உனக்குத் துடக்கில்லையோ? ஐயருக்குச் சொன்னியோ?"

"ஐயரை அவாய்ட் பண்ணிட்டம்."

"உன்னைச் சைக்கிள் பாரிலை வைச்சு உழக்கினவன்ரை செத்தவீடு. அதுவும் அவாய்ட்?"

தண்ணிக் கோப்பையை எடுத்துக் குடித்தான்.

"தள்ளிப் போடு. பிறகொரு நாள் பார்."

"ஏலாது அம்மா."

அந்தச் சொல்லை அவன் வாயால் எனக்கு முதல்முதலாகக் கேட்டேன். சுத்தமான தமிழ். சனத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று, கூடாரக்காரனுக்கு வேறு நாள் இல்லை, ஐயர் அடுத்த மாதம் கனடா போகிறார், எல்லாவற்றையும் அடுக்கடுக்காகத் தமிழில் சொன்னான். தேவை வந்தால் தமிழ் எவ்வளவு வடிவாக வருகிறது என்று பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"என்ரை ஃபோனைத் தா" என்றேன்.

வேலைக்குக் கொண்டுபோகிற பையைத் திறந்து, உள்ளுக்குள் கைவிட்டு எடுத்துத் தந்தான்.

"அப்டேட் முடிஞ்சுதோ?"

"அம்மா, ப்ளீஸ்."

வியாழக்கிழமை காலமை, விடிந்து கொஞ்ச நேரத்தில், குசினி மேசையில், மா போட்டு வைக்கிற தகரப் பேணியோடு ஃபோனைச் சாய்த்து வைத்தேன். மருமகள் வந்து லைவ் போட்டுத் தந்துவிட்டுப் போனாள். மூலையில் படம் பிடிக்கிறவனின் கடைப் பெயரும், பக்கத்தில் ஒரு ரோசாப்பூவும். அவன் தம்பியைக் காட்டினதைவிட மலர்வளையத்தைக் காட்டினது கூட. எந்தச் சங்கம், எந்தக் கிளை, எல்லாவற்றையும் ஆறுதலாக வாசிக்க விட்டான். கீழே இருந்து சின்னச் சின்னச் சிவப்பு இருதயங்கள் மிதந்து மேலே போயின. எங்கேயோ கனடாவில் ஒருவன் கட்டிலில் கிடந்துகொண்டு விரலால் தட்டித் துக்கம் விசாரிக்கிறான்.

பிறகு முகத்தைக் காட்டினார்கள். தலைமயிரை வலது பக்கம் வகிடு எடுத்து இழுத்துவிட்டிருந்தார்கள். அவனுக்கு எப்போதும் இடது பக்கம். செத்தவனுக்குத் தலை இழுக்கிறவன் உரித்துக்காரரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். அந்த வகிட்டால் அவன் யாரோ கந்தோர்க்காரன் மாதிரிக் கிடந்தான். நான் இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தேன். நாடியில் இருக்கிற தழும்பு தெரிந்தது. என்ரை தம்பிதான்.

"போட்டு வா அப்பு" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

மகன் கதவடியில் வந்து நின்றான். கழுத்தில் வேலைக்கு மாட்டுகிற காதுக் கருவி தொங்கியது.

"வா. வந்து பார். உன்ரை மாமன்."

"மீட்டிங் ஒண்டு போகுது அம்மா. மியூட்டிலை போட்டிட்டு வந்தனான்."

பெட்டியை மூடுகிற நேரம் ஊரில் பெண்கள் குழறி அழுதார்கள். நான் இங்கே குழறவில்லை. மியூட்டில் நிற்கிற வீட்டில் ஆருக்கு என்று குழறுவது? தூக்குகிற நேரம் படம் அப்படியே இறுகி நின்றது. ஒருவனுடைய தோளும் பெட்டியின் ஒரு மூலையும். திரும்ப அசைந்தபோது முற்றத்தில் கதிரைகள்தான் இருந்தன. கதவடியைப் பார்த்தேன். அங்கேயும் ஆள் இல்லை.

சனிக்கிழமை மகன் என் பட்டுச் சேலையை எடுத்து இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தான்.

"நான் வரமாட்டன்."

"அம்மா, ஆரும் ஒண்டும் கேக்க மாட்டினம். நீங்கள் சும்மா வந்து பாலை மட்டும்..."

"துடக்கோடை பால் காய்ச்ச மாட்டன். முப்பத்தொண்டு முடியும் மட்டும் இந்த வீட்டை விட்டு வரவும் மாட்டன். உன்ரை வீடு, உன்ரை அடுப்பு. நீ காய்ச்சு. பொங்கினால் அது கத்தும், பயப்பிடாதை."

"சனம் கேக்குமே, அம்மா எங்கை எண்டு."

"பதில் சொல்லு."

"என்னெண்டு சொல்லுறது?"

"உன்னட்டைத்தான் அதுக்கெண்டு பாஷை ஒண்டு இருக்கே."

சேலையை மடித்துத் திரும்ப அலுமாரியில் வைத்தேன். அவன் போனான். கோபமாகப் போனதாகத்தான் நினைக்கிறேன். கவலையாகப் போயிருந்தால் திரும்பி வந்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் விடியவே போய்விட்டார்கள். நான் புது வீட்டுக்கென்று கட்டின பெட்டிகளுக்கு நடுவில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். பத்து மணி கழிந்து ஃபோன் அடித்தது. என்னோடு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் கனகாலம் வேலை செய்தவள், இப்போது ஹனோவரில் இருக்கிறவள். குடிபூரலுக்கென்று விடியற்புறம் ரெயில் பிடித்து வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் சனத்தின் இரைச்சல், பாட்டுப் பெட்டியில் போட்ட நாதஸ்வரம், கோப்பை முட்டுகிற சத்தம்.

"என்னக்கா, உங்களுக்கு வைரல் காய்ச்சல் எண்டு மகன் சொல்லுறார்? பால் காய்ச்ச வந்திருப்பியள் எண்டு பார்த்தன். மருமகள்தான் காய்ச்சினது. வீடெண்டால் வீடக்கா! குசினியைப் பார்க்கவே..."

"எனக்கு வைரலும் இல்லை, ஒண்டும் இல்லை" என்றேன். "என்ரை தம்பி செத்துப்போனான். வியாழக்கிழமை எடுத்தது. துடக்கு. அதுதான் வரேல்லை."

நாதஸ்வரம் மட்டும் வாசித்துக்கொண்டு இருந்தது. துடக்கு வீட்டில் கை நனைக்கிறவள் இல்லை அவள். எத்தனையோ பேருடைய வீட்டில் அப்படி எழும்பி வந்த கதைகளைத் துணி மடிக்கிற மேசையில் நின்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் திரும்பிச் சனத்துக்குச் சொன்னால் குடிபூரல் அதோடு சரி. மகனும் இனி யாரிடமும் நழுவ ஏலாது. சொல்லட்டும் என்றுதான் நான் இருந்தேன்.

"அக்கா" என்றாள். குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டாள். "நான் காலமை ஒண்டும் சாப்பிடாமல் ரெயில் ஏறினனான். இப்ப சாப்பாட்டு வரிசையிலை நிக்கிறன், முன்னுக்கு இன்னும் ரெண்டு பேர்தான். நான் உங்களுக்குப் போன் எடுக்கேல்லை எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. என்ன?"

வைத்துவிட்டாள்.

அடுத்த கிழமை அவளே திரும்ப எடுத்தாள். "ஐயோ அக்கா, இப்பதானே கேள்விப்பட்டன்" என்று அழுதாள். என் தம்பிக்காக இந்த நாட்டில் என்னிடம் வாய்விட்டு அழுத முதல் ஆள் அவள்தான். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே அழுதாள். மூக்கைச் சீறி முடிக்கும் மட்டும் நான் பொறுத்திருந்தேன். பிறகு, வடை எப்படி இருந்தது என்று கேட்டேன்.